சூரியக் காற்றுக்குப் போர்த்திய பொன்னாடை

தம்பி,

இதை நான் உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். படித்ததே தெரியாமல் படிக்கத் தெரிந்தவன் நீ. படித்துவிட்டு, சாயங்காலமாக "சாப்டீங்களா அம்மா?" என்று வேறு எதையாவது கேட்டிருப்பாய். அதனால்தான் ஞாயிறு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன் பெயரைப் போடவில்லை, என் பெயரும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்குப் பொங்கலன்று வந்தவர்களுக்கு நாம் யார் என்று தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஊர் பார்க்க என் வாயை அடைத்தார்கள், ஊர் பார்க்கவே திறக்கிறேன். கல்யாணம் நெருங்குகிற நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று கேட்பாய். கல்யாணம் நெருங்குவதால்தான் எழுதுகிறேன். மணவறையில் உன் பெற்றோர் இடத்தில் யார் நிற்பது என்று நீ இன்னும் என்னிடம் சொல்லவில்லை. உன் பெரியப்பா சொல்லிவிட்டார்.

பெரியப்பாவைப் பற்றி நியாயமாகவே ஆரம்பிக்கிறேன், பின்னால் நியாயமாக இருக்கப்போவதில்லை. உன் அப்பா இறந்துபோனபோது நீ இடைநிலைப் பள்ளியில் இருந்தாய். அப்பாவின் அண்ணன் என்ற முறையில் அவர் சனிக்கிழமைதோறும் கிள்ளானிலிருந்து வந்து உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். தலைமையாசிரியராக இருந்தவர், நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார். நீ பொறியியல் படித்ததில் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்தச் சனிக்கிழமைகளில் அவர் உட்கார்ந்தது உன் அப்பாவின் நாற்காலி. நாளாக ஆக அது அவருடைய நாற்காலி ஆனது. உன் பரிசத்துக்குப் பந்திங் ஊருக்குப் போனபோது அவரும் பெரியம்மாவும் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். நான் பெண் வீட்டுக் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை நீ பார்த்தாய்.

நான் படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவள். சுங்கை வே தொழிற்சாலையில் மின்னணுச் சிப்பு பார்க்கிற வேலைக்குச் சேர்ந்து, கண் மங்குகிற வரை அங்கேயே இருந்தேன். அங்கே முதலில் சொல்லித் தருவது சிப்பைப் பற்றி அல்ல, நம் உடம்பைப் பற்றி. நாற்காலியிலிருந்து எழுந்தால் போதும், தலைமுடியை ஒதுக்கினால் போதும், உடம்பில் மின்னூட்டம் ஏறிவிடும். அந்தக் கையால் தொட்டால் சிப்பு செத்துப்போகும், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. அதனால் மணிக்கட்டில் பட்டை கட்டி, அதன் ஒயரை மேசையோடு மாட்டுவோம். மேசைக்கு மேலே சின்னதாக ஒரு காற்றாடி ஓடும். அது ஊதுவது வெறும் காற்று இல்லை. ப்ளஸ்ஸும் மைனஸும் சம அளவில் ஏற்றப்பட்ட காற்று. ப்ளஸ் தங்கிய இடத்தை மைனஸ் போய் அணைக்கும், மைனஸ் தங்கிய இடத்தை ப்ளஸ் அணைக்கும். காற்று முழுக்க மின்னூட்டம்தான், ஆனால் கூட்டிக் கழித்தால் சுழியம். அது கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்தால் சூப்பர்வைசர் லைனையே நிறுத்திவிடுவார். அந்தக் காற்றுக்குக் கீழேதான் என் வயது போனது.

வேலையை விட்ட பிறகு சூரியனைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். உன் பழைய இயற்பியல் புத்தகங்கள், கைப்பேசி, அகராதி, இவ்வளவுதான் துணை. சூரியனிலிருந்து எப்போதும் ஒரு காற்று எல்லாத் திசையிலும் வீசிக்கொண்டிருக்கிறது என்று படித்தேன். அதில் ப்ளஸ் துகளும் மைனஸ் துகளும் பிரிந்தே பறக்கின்றன. மைனஸ் மிக இலேசானது, முந்திக்கொண்டு ஓடப் பார்க்கும். அப்படி ஓடினால் சூரியனில் ப்ளஸ் மிஞ்சும், மிஞ்சிய ப்ளஸ் ஓடுகிற மைனஸைப் பிடித்து இழுக்கும், ப்ளஸ்ஸை வெளியே தள்ளும். கடைசியில் இரண்டும் சமமாகத்தான் கிளம்ப முடியும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது எங்கள் மேசைக்காற்றுதான் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் பாதி சரி, பாதி தவறு. அந்தத் தவறான பாதியால்தான் இவ்வளவும் நடந்தது.

போன வருடப் பொங்கல். நீதான் மேடையில் அறிவிப்பாளர். பெரியப்பா சிறப்புரை. ஜிப்பாவின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அவர் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. "சூரியக் காத்துன்னு வெள்ளைக்காரன் இப்பதான் சொல்றான். அது என்ன? சுத்தமான கரண்ட்! சூரியன்லேர்ந்து பூமிக்கு நேரா ஓடி வருது. காலையில கிழக்கே பார்த்துக் கையேந்தி நின்னீங்கன்னா உள்ளங்கை வழியா உடம்புல ஏறுது. நம்ம முன்னோர் தெரியாமலா பொங்கலை வெளியில வச்சாங்க?" கைதட்டல் அடங்கவே நேரமானது. எனக்குப் பக்கத்திலிருந்த ஆன்டி ஒருவர் அப்போதே உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

கேள்வி நேரத்தில் நான் எழுந்தேன். மைக்கை நீதான் கொண்டுவந்து கொடுத்தாய். "மாமா, ஒரு சின்னத் திருத்தம். அந்தக் காத்துல ப்ளஸ்ஸும் இருக்கு, மைனஸும் இருக்கு, ரெண்டும் சமம். கூட்டிக் கழிச்சா சார்ஜ் ஒண்ணுமே இல்ல. சார்ஜ் இல்லாத காத்துல கரண்ட் எப்படி ஓடும்?" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தார். "அப்படியா? அப்ப சாட்டிலைட்டெல்லாம் எதனாலமா கெட்டுப் போவுது? கண்ணு பட்டா?" மண்டபம் சிரித்தது. "இத்தன வருஷமா சிப்பு ஒட்டுன கை. இப்ப சூரியனையும் ஒட்டப் பார்க்குது லா!" இன்னும் சிரித்தது. பதிலை யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்கிறவள் கையிலிருந்து நீ மைக்கை எடுத்தாய். பிடுங்கவில்லை, மெதுவாக, சிரித்துக்கொண்டேதான் எடுத்தாய். "ஓகே லா அம்மா, எல்லாருக்கும் பசி வந்துருச்சு. அடுத்து கோலப் போட்டி ரிசல்ட்!" என்றாய்.

உன் பெரியப்பா மண்டபத்தைச் சிரிக்க வைத்ததற்கு நான் அவ்வளவு அதிர்ந்து போகவில்லை. நீ பொறியியல் படித்தவன். அவர் சொன்னதில் எது தவறு, நான் சொன்னதில் எது தவறு என்று அந்த மண்டபத்தில் தெரிந்த ஒரே ஆள் நீ. "அம்மா, இங்க நீங்க தப்பு, பெரியப்பா, அங்க நீங்க தப்பு" என்று சொல்ல உனக்கு ஒரு நிமிடம் போதும். நீ கோலப் போட்டிக்குப் போனாய். இது உனக்கு முதல் புத்திமதி: யாருக்குப் பதில் தெரியுமோ அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால், அவன் நடுவில் நிற்பவன் இல்லை. அவன் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டான்.

என் தவறை நானே கண்டுபிடித்தேன், நாளானது. உன் புத்தகத்தில் தாமிரக் கம்பியைப் பற்றி இருந்த பக்கத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். ஒரு மத்தியானம்தான் அது மண்டையில் ஏறியது. நம் வீட்டு ஒயரிலும் ப்ளஸ்ஸும் மைனஸும் சமம்தான். கூட்டிக் கழித்தால் சுழியம். ஆனால் ப்ளஸ் உட்கார்ந்திருக்க, மைனஸ் நகர்கிறது. அந்த நகர்வுதான் கரண்ட். விசிறி சுற்றுவது அதனால்தான். மின்னூட்டம் சமமாக இருப்பது வேறு, மின்னோட்டம் இல்லாமலிருப்பது வேறு. ப்ளஸ்ஸும் மைனஸும் ஒரே வேகத்தில் போனால்தான் கரண்ட் இல்லை, ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பிந்தினாலும் உண்டு. மேசைக் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து உட்கார்ந்து, சுழியம் என்றால் எல்லாம் அடங்கிவிட்டது என்று நான் பழகியிருந்தேன். சூரியக் காற்றில் கரண்ட் இருக்கிறது. சூரியனின் காந்தப்புலம் ஒரு பக்கம் வெளியே பார்த்தும் மறுபக்கம் உள்ளே பார்த்தும் இருக்கிறது. அந்த இரண்டும் சந்திக்கிற இடத்தில் மெல்லிய விரிப்பு ஒன்று, ஆடுகிற பாவாடை மாதிரி அலையலையாகக் கோள்களைத் தாண்டிப் போகிறது. கரண்ட் அதில் ஓடுகிறது. ஓடியது வேறு வழியாகச் சுற்றி, வட்டம் முடிந்துவிடுகிறது. மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் சூரியன் எந்த மின்னூட்டத்தையும் இழப்பதில்லை. நேராகக் கிளம்பிப் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து ஆன்டியின் உள்ளங்கையில் ஏறுகிற கரண்ட் என்று ஒன்று கிடையாது. பூமியின் காந்தப்புலம் அந்தக் காற்றில் பெரும்பகுதியை ஒதுக்கி அனுப்பிவிடுகிறது. உள்ளே நுழைவது துருவத்து வானத்தில் ஒளியாக ஆடுகிறது. உள்ளங்கைக்கு வருவது வெளிச்சமும் சூடும்தான். இதை நான் வாழ்க்கைக்கு உவமையாக்கப் போவதில்லை. காற்று காற்றுதான்.

தெரிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். நான் சொன்னது எங்கே தவறு என்று முதலில் எழுதி, அதற்குக் கீழே மாமா சொன்னது எங்கே தவறு என்று எழுதினேன். பெரியப்பா கும்பிடுகிற இரண்டு கைகளைப் போட்டார். மறுநாள் காலை சூரியன் உதிக்கிற படம் ஒன்றை, 'இனிய காலை வணக்கம்' என்ற எழுத்தோடு அனுப்பினார். எல்லோரும் அதற்குப் பூ போட்டார்கள். நீ எனக்குத் தனியாக, "அம்மா, இது family group லா" என்று எழுதினாய்.

சரி, எங்கே சொன்னேனோ அங்கேயே திருத்துவது என்று முடிவு செய்தேன். இந்த வருடப் பொங்கலுக்கு மண்டபத் தலைவரிடம் முன்கூட்டியே போய் மைக் கேட்டேன். "என்ன பேசப் போறீங்க அக்கா?" என்றார். "நான் சொன்ன தப்பைத் திருத்தணும்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனால் ஒத்துக்கொண்டார். பெரியப்பா வழக்கம்போல் பேசினார். அதே பேச்சு, அதே உள்ளங்கை. பிறகு நான் மேடையேறினேன். "போன வருஷம் இதே இடத்துல நான் ஒண்ணு தப்பா சொன்னேன். சார்ஜ் சமமா இருந்தா கரண்ட் ஓடாதுன்னு சொன்னேன். அது தப்பு. ஓடும். நம்ம வீட்டு ஒயர்லயே அப்படித்தான் ஓடுது" என்றேன். கை தட்டினார்கள். எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது, இவர்களுக்கு விளங்குகிறதே என்று. "அதே மாதிரி மாமா சொன்னதுலயும்..." என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் கைதட்டல் பெரிதாகிவிட்டது. உன் பெரியப்பா எழுந்து வந்துகொண்டிருந்தார். பிரமுகர்களுக்கு வைத்திருந்த பொன்னாடைகளில் ஒன்றை எடுத்து விரித்து என் தோளில் போட்டார். "பரவால்லமா, பரவால்ல. குடும்பத்துக்குள்ள இதெல்லாம் சகஜம்" என்றார், மைக்குக்குக் கேட்கிற மாதிரி. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போட்டார்கள். ஒருவர் என் கையிலிருந்த மைக்கை வாங்கி, அதே கையில் ஆரஞ்சுப் பழப் பையைக் கொடுத்தார். என் வாக்கியத்தின் மீதி நாதஸ்வரத்துக்குள் போய்விட்டது. எனக்கே கேட்கவில்லை.

நம் கூட்டங்களில் இது ஒரு பழக்கம். பேச்சை நிறுத்த வேண்டுமானால் பொன்னாடை போடுவார்கள். பொன்னாடை விழுந்த பிறகு யாரும் பேசக் கூடாது, சிரித்துக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்க வேண்டும். நானும் நின்றேன், அது இன்றும் எரிகிறது. அந்தப் படத்தை எடுத்தவன் நீ. அன்று மாலையே முகநூலில் போட்டாய்: 'பெரியப்பாவிடம் அம்மா மனம் விட்டு மன்னிப்புக் கேட்ட தருணம்'. இரண்டு இதயம் வேறு. நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு தவறைத் திருத்தினேன். இரண்டும் வேறு என்று உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. பொன்னாடையைக் கீழ்வீட்டு அங்கிளுக்கு மோட்டார் சைக்கிள் துடைக்கக் கொடுத்துவிட்டேன். நன்றாகத் துடைக்கிறது என்கிறார்.

அதுவரைக்கும்கூட, தம்பி, நான் உன் பெரியப்பா ஒரு வரி திருத்திச் சொன்னால் விட்டுவிடுகிற நிலையில்தான் இருந்தேன். அவருக்குத் தெரியவில்லை, தெரியாதவரோடு என்ன பகை என்று நினைத்திருந்தேன். போன வாரம் அவரும் பெரியம்மாவும் கல்யாணப் பேச்சுக்கு வீட்டுக்கு வந்தார்கள். பெரியம்மா மடியில் சேலைப் பெட்டி.

"நீ முன் வரிசையில நடு நாற்காலியில உட்காருமா. பேரெழுதி ஒட்டச் சொல்லிட்டேன். யாரும் உட்கார மாட்டாங்க" என்றார் பெரியப்பா.

"மேடையில?"

"மேடையில நானும் அக்காவும். பாதபூஜை, தாலி ஆசீர்வாதம் எல்லாம் நாங்க பார்த்துக்குறோம். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. என் தம்பி இருந்திருந்தா நீயும் நின்னிருப்ப, என்ன செய்றது?"

"வருத்தப்படாத லா," என்றார் பெரியம்மா. "சேலை நல்ல பட்டு. கல்யாணத்துக்குக் கட்டிக்க."

நான் சேலையைத் தொடவில்லை. "மாமா, மேடையை அப்புறம் பேசுவோம். உள்ளங்கையில கரண்ட் ஏறுதுன்னு ரெண்டு பொங்கலா சொல்றீங்களே, நெசமாவே நம்புறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "இன்னும் அதுலயே இருக்கியா? போன வருஷம் நீ கேட்டன்னைக்கே வீட்டுக்குப் போய்ப் படிச்சுப் பார்த்தேன்மா. ஏறாதுதான். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் இந்த வருஷமும் சொன்னீங்களா?"

"ஜனங்க ஆசையா கேக்குறாங்க, கை தட்டுறாங்க. அதுல யாருக்கு என்ன நட்டம்? பொங்கலும் அதுவுமா ப்ளஸ்ஸு, மைனஸுன்னு. நீ வேற."

"அப்ப எனக்கு எதுக்குப் பொன்னாடை போட்டீங்க?"

"கூட்டத்தை முடிக்கணும்ல?" என்றார். "எல்லாருக்கும் பசி."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நான் ஊற்றிக் கொடுத்தேன், குடித்தார்கள். போகும்போது சேலைப் பெட்டியை நானே கொண்டுபோய் அவர்கள் காரின் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன். பெரியம்மா கண்ணாடிக்கு உள்ளேயிருந்து என்னவோ சொன்னார். கேட்கவில்லை.

தெரியாமல் செய்தவரை நான் மன்னித்திருப்பேன். தெரிந்தே செய்து, என் தோளில் துணியையும் போட்டவரை மன்னிக்க எனக்கு மனமில்லை, வயதும் இல்லை. இது உனக்கு இரண்டாவது புத்திமதி. பெரியவர்கள் எல்லாரும் விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். விட்டுக்கொடுத்த ஒவ்வொரு முறையும் என் இடம் ஒரு வரிசை பின்னால் போனது, குளிர்பெட்டி வரைக்கும். இனி அவர் திருத்திச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் எனக்கு வேண்டாம். அந்தக் காலம் போன வாரத்தோடு போயிற்று. எனக்கு இப்போது வேண்டியது மேடை.

உன் கல்யாணத்தை நடத்திவைக்கப்போகிற கிள்ளான் கோயில் குருக்களிடம் நானே போய்க் கேட்டேன். "சாஸ்திரம் தடுக்கிறதா, வழக்கம் தடுக்கிறதா?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "வழக்கம்தாம்மா. பையன் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளிடமும் பேசினேன். "ஆன்டி, நீங்க நின்னா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். அது அவர் வாயிலேர்ந்து வரணும்" என்றாள். கெட்டிக்காரி. உனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

ஆகவே எல்லாம் உன்னிடம் வந்து நிற்கிறது. தாலி அறுத்தவள் மேடையேறக் கூடாது என்று நீ நினைத்தால், அதை என் முகத்தைப் பார்த்துச் சொல். நான் வரமாட்டேன். உடம்புக்கு முடியவில்லை என்று பொய் சொல்லி உன்னைக் காப்பாற்றவும் மாட்டேன். அம்மா எங்கே என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் காரணத்தைச் சொல்வேன், ப்ளஸ்ஸிலிருந்து தொடங்கி. அப்படி இல்லையென்றால் இந்த வாரமே குருக்களிடம் போ. போய்விட்டுப் பெரியப்பா வீட்டுக்கும் நீயே போ. முன் வரிசையில் நடு நாற்காலி அவருக்கு என்று சொல். பேரெழுதி ஒட்டச் சொல்.

பாதபூஜையில் நான் தனியாகத்தான் நிற்பேன். பக்கத்தில் யாரையும் நிறுத்தாதே, உன் அப்பாவின் படத்தையும் கொண்டுவராதே. அவரை இந்தப் பகையில் இழுக்க எனக்கு இஷ்டமில்லை. நீ குனிந்து என் காலில் தண்ணீர் ஊற்று, மஞ்சள் வை, பூ போடு. அவசரப்படாதே. மேளக்காரர்கள் வாசித்து முடிக்கிற வரை நிமிராதே. உன்னையும் அவளையும் நான் மனதார ஆசீர்வதிப்பேன், அதில் கள்ளம் இருக்காது. ஆனால் என் கண் உன் தலைமேல் இருக்காது. முன் வரிசையில் இருக்கும். அவர் பார்க்கிறாரா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே இருப்பவர்கள், அம்மாவுக்கு மகன்மேல் எவ்வளவு பாசம், கண் கலங்கி நிற்கிறாள் என்பார்கள். சொல்லட்டும். நீ திருத்த வேண்டாம்.

அம்மா